ஊசி கோக்கும் வெளிச்சம்

எங்கள் வீட்டில் பொழுது விடிவது என் இலாகா, பொழுது போவது அவர் இலாகா. கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். நான் நகரத்தின் முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள். ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது கிளம்பிப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். என் வீட்டுக்காரர் சோபா பழுது பார்க்கிறவர். கிழிந்த உறையை உரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, புதுத் துணி போட்டுத் தைத்துக் கொடுப்பார். அவரைக் காலையில் எழுப்ப வேண்டுமென்றால் இடி விழ வேண்டும். அதுவும் கட்டில் மேலேயே விழ வேண்டும்.

அவருடைய பட்டறை நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் அடியிலேயே, பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல், மேற்குப் பார்த்தது. நடைபாதை ஜன்னல் மட்டத்தில் ஓடுவதால் போகிற வருகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியாத தெருக்காரர்களைக்கூட அவர் செருப்பை வைத்துச் சொல்லிவிடுவார். குளிர்காலத்தில் சாயங்கால வெயில் அந்தக் கால்களுக்கு நடுவே நுழைந்து உள்ளே வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். அவருக்குச் சூரியன் என்றால் அவ்வளவுதான். மற்ற நேரத்தில் அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அவர் விசாரித்ததே இல்லை.

விளக்கு போடுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதிர்வரிசைச் செருப்புக்கடைக்காரர் டீ குடிக்கப் போவதற்காக ஷட்டரை இறக்குகிற சத்தம் தினமும் ஒரே நேரத்தில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும், விளக்கைப் போடுவதற்கு முன்னால், சோபா தைக்கிற வளைந்த ஊசியில் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒரு முறை நூல் கோத்துப் பார்ப்பார். வெயில் காலத்தில் அறையின் நடுவில் நின்றே கோத்துவிடலாம். குளிர் ஏற ஏற ஜன்னலை நோக்கி நகர்ந்துகொண்டே போவார். கடைசியில் ஒரு நாள் மூக்கு ஜன்னல் கண்ணாடியில் இடிக்கும். அதற்கு மேல் போக இடமில்லை. அப்படியே சில நாள் மூக்கை இடித்துக்கொண்டு நின்ற பிறகு, ஒரு சாயங்காலம் அரையடி பின்னால் நின்றபடியே நூல் உள்ளே போய்விடும். உடனே ஊசியும் கையுமாகப் படியேறி வந்து, தூங்குகிற என்னை உலுக்கி, “பொழுது திரும்பிடுச்சு” என்பார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் விசேஷம். எங்கள் வீட்டில் மட்டும்தான். வீட்டிலுள்ள விளக்குகள் அத்தனையும் பட்டறைக்கு இறங்கும்: படிக்கிற விளக்கு, கட்டிலோர விளக்கு, டார்ச், சைக்கிளிலிருந்து கழற்றிய விளக்கு, டிராயரில் கிடக்கும் மெழுகுவத்தித் துண்டுகள். எந்தச் சோபா வேலை முடிந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறதோ அதில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்காருவோம். “அடுத்தவங்க சோபா ஆச்சே” என்று முதல் வருடம் நான் தயங்கியபோது, “உக்காந்து பாக்காம எப்படிக் குடுக்கறது? இது டெஸ்டிங்” என்றார். டீயும் கேக்கும் உண்டு. பிறகு, வருகிற வருடம் எதைப் பிரித்துத் தைக்கப் போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகள் ஒரு வருடம் தன் கணக்கு மார்க்கைப் பிரித்துத் தைப்பதாகச் சொன்னாள். அவர் தன் குறட்டையை என்றார். நான் மகளிடம், உங்க அப்பாவை என்றேன். குறட்டையும் அப்படியே இருக்கிறது, அவரும் அப்படியே இருக்கிறார். மகள் மட்டும் கணக்கில் தேறிக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் எனக்கு எந்த விசேஷமும் வேண்டியிருக்கவில்லை.

முதல் பஸ்ஸை எடுப்பதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் முதல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன். அது எரிந்தால் முன் கண்ணாடியில் என் முகம்தான் தெரியும், சாலை தெரியாது. முன் சீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். “காசு குடுத்து இருட்டுல உக்கார வேண்டியிருக்கு” என்பார்கள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இலைகள் உதிர்ந்து முடிந்த சமயம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, ஆஸ்பத்திரி வளைவில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் போனைப் பார்த்தபடியே நடைபாதையிலிருந்து இறங்கினார். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது; ஆனால் நிற்பதற்குள் பக்கக் கண்ணாடி அவர் தோளில் பட்டுத் தள்ளிவிட்டது. விழுந்ததில் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மிதித்த வேகத்தில் என் சீருடைக் கோட்டின் நடுப் பொத்தான் ஸ்டியரிங்கில் மாட்டித் தெறித்துப்போனது. விசாரணையில் என் மேல் தப்பில்லை என்றார்கள். தான் பார்க்காமல் இறங்கியதாக அந்த மனிதரே சொல்லிவிட்டார். இப்போது நன்றாக நடக்கிறாராம். எல்லோரையும் பொறுத்தவரை அது முடிந்த கதை. என் வலது காலுக்கு மட்டும் முடியவில்லை.

மறுபடி வண்டியில் ஏறியபோது அந்தக் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இருட்டில் ஒரு தபால்பெட்டி தெரிந்தால் பிரேக். மரத்தின் நிழல் விழுந்தால் பிரேக். கடை வாசலில் தார்ப்பாய் அசைந்தால் பிரேக். ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கப் போகும் பெண்கள் ஒரு கூட்டமாக என் வண்டியில்தான் வருவார்கள். அவர்களில் மூத்தவளை நாங்கள் எல்லோரும் ‘பிளாஸ்க்’ என்போம். பிளாஸ்க் இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை. ஒரு நாள் நான் போட்ட பிரேக்கில் அவள் மடியிலேயே காபி கொட்டிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்றைக்கு டிப்போவில் சாவியை நானே கொடுத்துவிட்டேன்.

கோட்டைக் கழற்றி வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். “பொத்தான் தச்சுத் தரட்டா?” என்று அவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். பொத்தான் வைத்த கோட்டு கண் எதிரில் தொங்கினால், என்னைப் போட்டுக்கொண்டு போகவில்லையா என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

டிப்போ மேலாளருக்கு ‘விசில்’ என்று பெயர். யோசிக்கும்போது விசிலடிப்பார், அதனால். நல்ல மனிதர். என்னை வீட்டுக்கு அனுப்பாமல், பஸ்ஸில் மறந்துபோன பொருள்களை வைக்கிற அறையில் உட்கார வைத்தார். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட், ஊதுகுழல் ஒன்று, யாருடையதோ கல்யாண ஆல்பம். பல்செட்டை எப்படி ஒருவர் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போக முடியும் என்று நாள் முழுக்க யோசித்துப் பொழுதைப் போக்கலாம். அங்கே காலையில் தாமதமாகத்தான் வேலை ஆரம்பிக்கும். அறைக்குள் போகும்போது நன்றாக விடிந்திருக்கும். யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

ஆண்டு முடிகிற மாதத்தில் விசில் அந்த அறைக்கு வந்தார். குடைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் விசிலடித்தார்.

“புது வருஷ டூட்டி சார்ட் போடணும்மா. உங்கள எங்க போடட்டும்? முதல் பஸ்ஸா, மதிய ஷிப்டா, இல்ல இங்கயேவா?”

“எப்ப சொல்லணும்?”

“இந்த மாசம் முடியறதுக்குள்ள சொன்னாப் போதும். ஆனா ஒண்ணு, முதல் பஸ்ஸ ஒரு தடவ விட்டா வேற ஆள் எடுத்துக்குவாங்க. அதுக்கு எத்தன பேர் நிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் என்னால பிடுங்கிக் குடுக்க முடியாது.”

தெரியும். மதியத்தோடு முடிகிற வேலை என்று அதற்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். நான் ஆசைப்பட்டது அதற்காக இல்லை. யாரும் இல்லாத சாலையில் முதல் ஆளாகப் போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர்களை அள்ளிக்கொண்டு, பாதி வழியில் விடிவதைப் பார்க்கிற வேலை அது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. எடுத்துக்கொள்வது என்று நினைத்தால் வலது கால் சில்லிட்டது. மதிய ஷிப்ட் என்று சொல்லிவிடலாம், வெளிச்சத்திலேயே ஓட்டலாம் என்று மனசுக்குள் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு சாயங்காலம் நான் டிப்போவிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவர் ஊசியும் கையுமாகப் படியேறி வந்தார்.

“பொழுது திரும்பிடுச்சு” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேக் வாங்கியாகிவிட்டது; மகளும் விடுமுறைக்கு வந்திருந்தாள். கீழே போனேன். புதிதாகப் பச்சைத் துணி போட்ட நீளமான சோபா. சுற்றிலும் விளக்குகள். எங்கள் மகளுக்கு வீட்டில் ‘திருத்தம்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் திருத்தாமல் இருக்கமாட்டாள். கேக்கை வாயில் வைத்தபடியே ஆரம்பித்தாள்.

“அப்பா, இன்னிக்கு இல்லப்பா. மிக நீண்ட ராத்திரி வர்றதுக்கு இன்னும் சில நாள் இருக்கு. வருஷா வருஷம் நீங்க முன்னாடியே கொண்டாடறீங்க.”

“யாரு சொன்னா?”

“காலண்டர்ல போட்டிருக்கு.”

“காலண்டர் செவுத்துல தொங்குது. நான் ஜன்னல்ல நிக்கறேன். எனக்குத் தெரியாதா? நேத்து வரைக்கும் மூக்கு இடிச்சுது. இன்னிக்கு இடிக்கல.”

“அப்போ எல்லாரும் தப்பு, உங்க மூக்கு மட்டும் சரியா?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு, இந்த வருஷம் எதப் பிரிச்சுத் தைக்கப் போற?” என்றார். அப்புறம் மெதுவாக, “இனிமே வெளிச்சம்தான. தைரியமா முதல் பஸ்ஸுன்னு சொல்லிடேன்” என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“உங்க பொழுது திரும்பிடுச்சு. என் பொழுது திரும்பல” என்றேன். “காலையில போய்ப் பாத்திருக்கீங்களா ஒரு நாளாவது? ஒவ்வொரு நாளும் விடியறது தள்ளிப் போயிட்டே இருக்கு. வருஷா வருஷம் நீங்க இங்க கேக் வெட்டுவீங்க, மறுநாள் நான் போனா நேத்த விட இருட்டா இருக்கும். புது வருஷம் பொறந்தப்புறமும் இருட்டாத்தான் இருக்கும். இத்தன வருஷமா சரி, சந்தோஷமா இருக்கார், இருந்துட்டுப் போகட்டும்னு வாய மூடிட்டு இருந்தேன்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேலி செய்கிறேனா என்று பார்த்தார்.

“நிஜமாவா?” என்று மகளைக் கேட்டார்.

“அம்மா சொல்றது சரிதான்பா. நீங்க சொல்றதும் சரிதான். சாயங்காலம்தான் முதல்ல திரும்பும். காலை கடைசியாத்தான் திரும்பும். நீண்ட ராத்திரி ரெண்டுக்கும் நடுவுல வரும். ஏன்னா பூமி வந்து...”

“பூமிய விடு” என்றார் அவர். “அப்போ நான் இங்க கொண்டாடிட்டு இருக்கும்போது உங்க அம்மா அங்க இருட்டுல போயிட்டு இருந்திருக்கா.”

அவர் எழுந்து விளக்குகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து மேலே கொண்டுபோனார். விசேஷம் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது; சொன்னது நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டு விழித்தேன். இடி எதுவும் விழவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே இருக்கிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, விளக்கு போடாமல், ஒரு கையில் வளைந்த ஊசியும் மறு கையில் நூலுமாக அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அந்த ஜன்னலில் மூக்கு இடிக்க வேண்டுமென்றால் தொட்டி மேல் சாய வேண்டும். சாய்ந்திருந்தார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிப்போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாளும். பகலில் பட்டறையில் வாடிக்கையாளர் சோபாவிலேயே தூங்கிவிடுகிறார் என்று மகள் கோள் சொன்னாள். டெஸ்டிங் என்று சமாளித்தாராம். ஒரு காலை நான் டீ போடப் போனபோது போர்வைக்குள்ளிருந்து அவராகவே பேசினார்.

“நீ சொன்னது சரிதான். தள்ளித்தான் போகுது.”

“இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“இப்பத்தான் தெரிஞ்சுது” என்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. “இவ்வளவு இருட்டா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. நீ போய்ட்டு வந்து தூங்குவ. நான் எழுப்பிக் கேக் தின்னச் சொல்லுவேன்.”

டீயில் அவருக்குச் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் அப்படியே குடித்தார்.

காலண்டரில் போட்டிருந்த நாள் வந்தது. நான் டிப்போவிலிருந்து வருவதற்குள் தகப்பனும் மகளும் சேர்ந்து விளக்குகளை மறுபடி கீழே இறக்கியிருந்தார்கள். பச்சைச் சோபா போய்விட்டது. அதன் இடத்தில் பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறைச் சோபா நின்றது.

“இந்த நாள் என்னோடதும் இல்ல, உன்னோடதும் இல்ல. பொதுவானது” என்றார் அவர். “இன்னிக்குக் கொண்டாடலாம். பிடிக்கலன்னா சொல்லிடு, எடுத்து வச்சிடறேன்.”

உட்கார்ந்தேன். “இன்னியோட சரிம்மா” என்று மகள் தொடங்கினாள். “நாளையிலேர்ந்து காலையில கொஞ்சம் இழந்தாலும் சாயங்காலம் அதவிட அதிகமாக் கிடைச்சிடும். மொத்தத்துல பகல் வளரும்.”

“துணி இழுத்துக் கட்டற மாதிரி” என்றார் அவர். “இந்தப் பக்கம் இழுத்து ஆணி அடிச்சா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சுருங்கிக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்காக இழுத்தது தப்புன்னு இல்ல. அந்தப் பக்கத்துக்கும் வந்து சேரும்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கண்ணாடியில் அத்தனை விளக்குகளும், நடுவில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தன. தெருவே இல்லை. செருப்புகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு வருடமாக இந்தச் சோபாக்களில் உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பழக்கதோஷம், எரிச்சலாக வந்தது.

“விளக்க அணைங்க” என்றேன்.

“எதுக்கும்மா?” என்றாள் மகள். “விளக்குக்காகத்தான இதெல்லாம்.”

“அணை, சொல்றேன். ஒண்ணுகூட வேணாம்.”

மகள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக அணைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசி மெழுகுவத்தியை நான் ஊதினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. “கேக் எங்க?” என்று அவர் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் மெல்லத் தெளிந்தது. ஈரமான நடைபாதை தெரிந்தது. தெருவிளக்கின் மஞ்சள் வட்டம் தெரிந்தது. குச்சிக் குதிகால் செருப்பு ஒன்று அவசரமாகப் போனது. அதன் பின்னால் ஒரு நாயின் நான்கு கால்கள். எதிர்வரிசைச் செருப்புக்கடையின் இறக்கின ஷட்டர்கூடத் தெரிந்தது.

“அட, எல்லாம் தெரியுது” என்றார் அவர்.

“முதல் பஸ்ல இப்படித்தான்” என்றேன். “பின்னால இருக்கற விளக்க அணைச்சாத்தான் ரோடு தெரியும். அது எரிஞ்சா என் முகம்தான் தெரியும்.”

இருட்டில் முகம் தெரியாததால்தான் அடுத்ததையும் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றேன். “இத்தன நாளா கால் கேக்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டிருந்தேன். கால் ஒண்ணும் இல்ல. பயம்தான். மறுபடி ஒருத்தர் இறங்கிடுவாரோன்னு பயம்.”

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். முதலில் கேக்கைப் பிடித்தார், அப்புறம்தான் கை கிடைத்தது. விரல்களில் கிரீம். பயப்படாதே என்று சொல்வார், நான் எரிந்து விழலாம் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“நான் வரட்டா?” என்றார்.

“எங்க?”

“முதல் பஸ்ஸுக்கு. உன் பின்னாடி சீட்டுல. நீ விளக்க அணைப்பியே, அந்தச் சீட்டு.”

“நீங்களா? எழுந்திருச்சா?” என்றாள் மகள்.

“இப்ப எழுந்திருக்காமலா இருக்கேன்?”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. “என் வலது காலப் பிரிச்சுத் தைக்கணும்” என்றேன். இந்த வருடத்துக்கு என் பங்கைச் சொல்லியாகிவிட்டது.

மேலே போய் விசிலுக்குப் போன் செய்தேன். நாளைக் காலை முதல் பஸ் எனக்கு வேண்டும் என்றேன். மறுமுனையில் நீளமாக விசில் கேட்டது.

“நாளைக்கேவாம்மா? அவசரமே இல்ல. புது வருஷத்துலேர்ந்து எடுங்களேன். அப்புறம் சீக்கிரம் விடிய ஆரம்பிச்சிடும்.”

“அதனாலதான் சார். வெளிச்சம் வந்தப்புறம் எடுத்தா அடுத்த குளிருக்கு மறுபடி இதே ரூம்ல குடைங்களோட உக்காந்திருப்பேன். இருட்டு இருக்கும்போதே எடுக்கணும்.”

இன்னும் கொஞ்சம் விசிலடித்தார். பிறகு, சாவி மேசையில் இருக்கும் என்றார்.

காலையில் கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்துப் போட்டேன். நடுவில் பொத்தான் இல்லாமல் வாய் பிளந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பையில் ஊசியையும் நூல்கண்டையும் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். வழியில் இரண்டு முறை கொட்டாவி விட்டார், இரண்டு முறையும் அதைப் பெருமூச்சு மாதிரி மாற்றினார்.

டிப்போவில் வண்டியில் ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் இருந்த விளக்கை அணைத்தேன். கண்ணாடியில் இருந்த என் முகம் போய்ச் சாலை வந்தது. அவர் எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். “டிக்கெட்” என்றேன். “வீட்டுக்காரருக்குமா?” என்றார். வீட்டுக்காரருக்கும்தான் என்று காசை வாங்கினேன்.

மூன்றாவது நிறுத்தத்தில் துடைக்கப் போகும் பெண்கள் ஏறினார்கள். பிளாஸ்க் என்னைப் பார்த்து முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

“வந்துட்டியா” என்றாள். “உனக்குப் பதிலா வந்த ஆள் விளக்கப் போட்டுக்கிட்டே ஓட்டுவான். கண்ணெல்லாம் கூசுது.”

இதே பெண்தான் இருட்டு இருட்டு என்று வருடக்கணக்காக முணுமுணுத்தவள். காபியை மூடி நன்றாகத் திருகிவிட்டு உட்காரச் சொன்னேன். திருகினாள்.

தபால்பெட்டி வந்தது. கால் துள்ளியது, வண்டி லேசாகக் குலுங்கியது. மரங்கள் போயின. ஆஸ்பத்திரி வளைவு நெருங்கியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன். மெதுவாக, கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் வளைவைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். நடைபாதையில் யாரும் இல்லை. ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன. அந்த மனிதர் விழுந்த இடம் வந்தது. தாண்டினேன். கால் பிரேக்கிலிருந்து எழுந்து, இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. பயம் போய்விடவில்லை. என்னோடேயே வந்தது; டிக்கெட் மட்டும் வாங்கவில்லை.

பின்னால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் ஊசியை எடுத்து முயன்றுகொண்டிருந்தார். வண்டி நகர்ந்தால் முடியாது. நின்றதும் நூல் நுனியை எச்சிலில் நனைத்து, ஜன்னல் பக்கம் பிடித்து, கண்ணைச் சுருக்கிக் குத்துவார். நடுவில் பிளாஸ்க் என்னிடம் குனிந்து, “யாரு இவரு? ஒரு மாதிரியா இருக்காரு” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். எஞ்சினை அணைத்தேன். வீடுகளின் கூரைக்கு மேலே வானம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“கோத்துட்டேன்” என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். வளைந்த ஊசியிலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

“நேத்த விட லேட்டு” என்றேன்.

“லேட்டுதான்.” எழுந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்தார். எத்தனை நாளாக வைத்திருந்தாரோ தெரியாது. “கோத்த நூல வீணாக்கக் கூடாது. கோட்டக் காட்டு.”

காட்டினேன். சோபா ஊசியால் பொத்தான் தைப்பது சரிப்படாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குனிந்து, அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில், நூலை நான்கைந்து தடவை உள்ளே வெளியே இழுத்து, முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்தார். பொத்தான் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது.

“நாளைக்கும் இதே பஸ்ஸுதான?” என்றார்.

“நாளைக்கு இன்னும் கொஞ்சம் இருட்டா இருக்கும்.”

“இருக்கட்டும்” என்று போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார். நான் கோட்டுக்குப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.